மூன்றாவது கியர்

மோட்டார் ஓட்டுகிறவர்களை என் மனைவி இரண்டு ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறாள். ஓட்டும்போது பேசுகிறவர்கள் ஒரு ரகம். வாயைத் திறக்காமல் ஓட்டுகிறவர்கள் மற்றொரு ரகம். முதல் ரகத்தோடு புளியங்குடி பஜார் வரையில் போகலாம், இரண்டாவது ரகத்தோடுதான் மலை தாண்டிப் போகலாம் என்பது அவளுடைய சித்தாந்தம். என்னை எந்த ரகத்தில் சேர்த்திருக்கிறாள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கதை எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஆகவே ஐம்பத்தெட்டாவது வயதில், லைசென்ஸ் வாங்கி முப்பது வருஷம் ஆன பிறகு, "கியர் போடப் படிக்கப் போகிறேன்" என்று நான் அறிவித்தபோது, "இத்தனை நாளும் என்னத்தைப் போட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று அவள் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

என் அக்கா புனலூரில் இருக்கிறாள். அத்தான் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் கட்டிய வீட்டை விட்டு அவள் அசைய மாட்டாள். பத்து வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் அவளுக்கு இருதயத்தில் உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை அதிகமானால் ரத்தம் நிற்காது. குறைந்தால் வால்வில் கட்டி தட்டிவிடும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு முறையாவது வால்வையே ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். ரத்தத்தைப் புனலூரிலேயே பார்த்துக்கொண்டாள். ஸ்கானுக்கு மட்டும், வால்வு வைத்த டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று பிடிவாதம். "புனலூரில் ஆஸ்பத்திரியே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஆஸ்பத்திரிகளாகவே இருக்கின்றன. ஆனால் நெஞ்சைத் திறந்து மூடிய கையைத்தான் நெஞ்சு நம்பும் போலிருக்கிறது.

அப்படியானால் திருநெல்வேலிக்கு வர வேண்டியதுதானே? அங்கேதான் சங்கடம். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு, கோட்டைவாசல் என்று மலை குறுக்கே நிற்கிறது. ரயில் இருக்கிறது. 1904-ல் மீட்டர் கேஜாகப் போட்ட பாதையை அகலமாக்கி 2018-ல் மறுபடி திறந்தார்கள். கழுதுருட்டியில் அந்தப் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போகும் அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் ஸ்டேஷன் படி ஏறினால் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. காரில் வந்தாலோ வளைவுகளில் குடலைப் பிடுங்குகிறது. கடைசியாக அவளை அழைத்து வந்தவன் அவள் மகன். புளியரை வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. "இனிமேல் செத்தாலும் இந்த மலையைத் தாண்ட மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், இரண்டு வருஷம் தாண்டவில்லை.

சென்ற தை மாதம் அந்த மருமகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. "மாமா, காரையும் அம்மாவையும் உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" என்றான். எதை முதலில் சொன்னான் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இளம்பிள்ளை.

கார் சின்னது. ஒரு லிட்டர் இஞ்சின், மூன்று சிலிண்டர், கையால் போடும் ஐந்து கியர். ஆனால் டர்போ.

இந்த டர்போ என்பது ஆல்ஃபிரட் பூக்கி என்ற ஸ்விட்ஸர்லாந்து இஞ்சினீயரின் யோசனை; 1905-ல் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்க் கொல்லன் உலையில் ஒரு பையன் உட்கார்ந்து துருத்தி இழுப்பான் அல்லவா? பையன் இல்லாமல், உலையிலிருந்து கிளம்பும் புகையே துருத்தியை இழுத்தால் எப்படி இருக்கும்? அதுதான். வீணாகப் போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியலாம். சின்ன இஞ்சின் பெரிய இஞ்சினின் வேலையைச் செய்யும். அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் வாஸ்தவம்.

சூட்சுமம் எங்கே என்றால், புகை போதாதபோது துருத்தி தூங்குகிறது. அதை எழுப்ப அவகாசம் வேண்டும். நம் கார் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே பரம சாது. அதற்கு மேலே 4,000 வரையில் வேறு பிராணி. இரண்டும் ஒரே தோலுக்குள் இருக்கின்றன.

மருமகன் வண்டியை ஒப்படைக்க வந்த அன்று, இந்தத் தூக்கம் எத்தனை நீளம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். தென்காசியிலிருந்து கடையநல்லூர் வழியாக வந்துகொண்டிருந்தோம். அவன் ஓட்டினான். சொக்கம்பட்டி தாண்டி, முன்னால் மணல் லாரி ஒன்று. இந்தக் கொல்லம்–மதுரை ரஸ்தா, தேசிய நெடுஞ்சாலை 744, பெயரில்தான் நெடியது. அந்த இடத்தில் அகலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பையன் நான்காவது கியரிலேயே வலப்புறம் வண்டியை எடுத்துக் காலை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. எதிரே பஸ். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம். பிறகு ஒரு சீட்டிச் சத்தம். வண்டி பாய்ந்து லாரியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தபடியே போனார். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி ஸ்வாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதற்கு நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடிக்கு வண்டி 33 மீட்டர் போகும். எதிரே வருகிறவனும் அதே வேகம் என்றால் இடைவெளியில் 66 மீட்டர் கரைந்துவிடும். டர்போ கண் விழித்துச் சோம்பல் முறிப்பதற்குள் 66 மீட்டர்! அன்று ராத்திரிதான் கியர் போடப் படிப்பது என்று தீர்மானித்தேன்.

யாரிடம் படிப்பது? எங்கள் தெருக்கோடியில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். எலுமிச்சை மண்டியில் சாக்கு எண்ணுகிற வேலை. புளியங்குடிக்கு எலுமிச்சம்பழம்தான் சோறு போடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணாச்சி 1970-களில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, லேலண்ட் காமெட் லாரியில் பழம் ஏற்றிக்கொண்டு இதே கோட்டைவாசல் வழியாகக் கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போய் வந்தவர். டர்போவைக் கண்டு மலைத்துப் போவார் என்று எதிர்பார்த்தேன். "லாரியில அது வந்து ரொம்ப நாளாச்சே, தம்பி. காரிலயும் வந்துட்டாக்கும்!" என்றார்.

முதல் நாள் வண்டியைக் கிளப்பவே விடவில்லை. இஞ்சினை நிறுத்தி வைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, கம்பை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். அரை மணி நேரம். "புடிச்சு நெரிக்காதீங்க. கோழிக்குஞ்சு வச்சிருக்க மாதிரி வச்சுக்கிடுங்க. அது போவ வேண்டிய எடம் அதுக்குத் தெரியும்" என்றார்.

இது வெறும் உபமானம் அல்ல. இன்றைய கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. வேறு வேறு வேகத்தில் சுழலும் பற்சக்கரங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்து, பிறகு கோக்கவிடும். சிங்க்ரோமெஷ் என்று பெயர். 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் முதலில் வந்தது. அந்த வளையத்துக்கு ஒரு கணம் வேலை இருக்கிறது. அதற்குள் முஷ்டியால் குத்தினால் வளையம் தேயுமே தவிர கியர் சீக்கிரம் விழாது. அண்ணாச்சி ஓட்டிய லாரியில் இந்த வளையம் இல்லை. கிளட்சை மிதித்து நடுவுக்குக் கொண்டு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இஞ்சினைத் தூக்கிவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச். காது கொஞ்சம் தப்பினால் பல் கடிக்கிற சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். "முதலாளி மண்டியில உக்காந்துகிட்டே எவன் வாரான்னு சொல்லிப்புடுவாரு" என்றார் அண்ணாச்சி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ராகம் இருந்திருக்கிறது.

இரண்டாவது வாரம் சங்கரன்கோவில் ரஸ்தாவுக்குப் போனோம். விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். சுற்றுக் காட்டும் முள்ளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். "முள்ளைப் பாத்தா ரோட்டைப் பாக்க முடியாது. காதால ஓட்டுங்க."

பத்து நாளில் கேட்கத் தொடங்கிற்று. மூன்று சிலிண்டர் இஞ்சின் கீழே ஓடும்போது ஒரு முனகல். மேலே வரும்போது முனகல் போய் மெல்லிய சீட்டி. சீட்டிதான் டர்போ. இரண்டாவது கியரில் 2,000 சுற்றிலேயே அவசரப்பட்டு மூன்றாவதைப் போட்டால், சுற்று 1,350-க்கு இறங்கித் துருத்தி தூங்கிவிடும். 4,000-ல் மாற்றினால் மூன்றாவதில் 2,700-ல் போய் இறங்கும். அங்கே துருத்தி விழித்தபடியே இருக்கும். அதற்காக 6,000 வரை கதற விடுவதில் லாபம் ஏதும் இல்லை. இந்தச் சின்ன டர்போ அங்கே மூச்சு முட்டி நிற்கிறது. சத்தம்தான் மிச்சம். சாரல் காலத்தில் ஐந்தருவி ரஸ்தாவில் இரண்டாவது கியரில் கதற விட்டுக்கொண்டு போகும் வாலிபர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்பார்கள் என்று தோன்றவில்லை.

கீழ்க் கியருக்கு வருவதுதான் உண்மையான வித்தை. நான்காவதில் 2,000 சுற்றில் போகிறோம். அதே வேகத்தில் மூன்றாவதைப் போட்டால் இஞ்சின் ஏறக்குறைய 2,800 சுற்ற வேண்டும். அந்த எண்ணூறை யார் கொடுப்பது? நாம் கொடுக்காவிட்டால் கிளட்சு சக்கரங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். வண்டி முன்பக்கம் குனிந்து குலுங்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வயிறு அந்தக் குலுக்கலைத்தான் கணக்கு வைக்கிறது. கம்பு நடுவைத் தாண்டும்போது வலது காலால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. இஞ்சின் 2,800-க்கு எழும்பும். அந்தக் கணத்தில் கிளட்சை விட்டால் கியர் மாறியதே தெரியாது. பழைய டபுள் கிளட்சின் பேரப்பிள்ளை இது.

பந்தயக்காரர்கள் இதையே பிரேக்கை மிதித்துக்கொண்டே செய்வார்கள். பாதத்தின் முன்பாகம் பிரேக்கில். அதே பாதத்தின் ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலேட்டரில். அண்ணாச்சிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எங்கள் காரில் செல்லவில்லை. இரண்டையும் சேர்த்து மிதித்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், "இந்த ஆளுக்குக் கால் தடுமாறுகிறது" என்று தீர்மானித்து ஆக்ஸிலேட்டரைச் செல்லாததாக்கி விடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. குறை சொல்ல முடியாது. அண்ணாச்சி இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அது கிறுக்கு நமக்கு எதுக்கு? மொதல்ல பிரேக்கு, அப்புறம் கியரு, அப்புறம் வளைவு. ஒண்ணு முடிஞ்சாத்தான் ஒண்ணு" என்று சமாதானம் செய்துகொண்டார்.

கம்ப்யூட்டரின் இன்னொரு குறும்பையும் சொல்ல வேண்டும். மேல் கியர் போடும்போது காலை எடுத்தாலும் இஞ்சின் உடனே தணிவதில்லை. புகையின் நஞ்சைக் குறைப்பதற்காகக் கொஞ்ச நேரம் சுற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் ஒரு தள்ளு. நிதானித்தால் அதற்குள் டர்போ கண் அசந்துவிடும். தாண்டுவதற்கு அவசரக் கை, அக்காவுக்கு நிதானக் கை என்று இரண்டு கைகள் எனக்கு வேண்டியிருந்தன.

பரீட்சைக்கு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். பின் ஸீட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் ஒன்பது எலுமிச்சம்பழம். நேர் ரஸ்தாவில் கியர் மாற்றும்போது பழம் உருளக்கூடாது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். "எட்டு." "ஆறு." "எல்லாம்." அவள் குரலில் இத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு வெகு நாளாயிற்று. மாசி போய்ப் பங்குனி வந்தபோது எண்ணிக்கை இரண்டாயிற்று. சித்திரையில் ஒரு நாள் அவள் எண்ணுவதை நிறுத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்த நாட்களில் எனக்குப் பந்தய மோட்டார்களைப் பற்றிப் படிக்கும் பித்தும் பிடித்துக்கொண்டது. பிரான்ஸின் ரெனால்ட் கம்பெனி 1977-ல் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ காரைக் கொண்டு வந்தபோது, அது அடிக்கடி புகை விட்டு நின்றதால் மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்களாம். சில வருஷத்தில் கேலி செய்தவர்களெல்லாம் டர்போ வாங்கினார்கள். பிரேஸில் தேசத்து அயர்டன் ஸென்னா, வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருப்பார். டர்போவைத் தூங்கவிடாமல் வைத்ததும் அதன் பயன்களில் ஒன்று என்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் இந்தக் கலைக்கு வம்சம் உண்டு. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே வந்தது. கோயம்புத்தூரில் பந்தய கார்களைக் கட்டிய கரிவர்தன் பெயரால் அங்கே ஒரு பாதை இருக்கிறது. அதே கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர். ஆனால் அவர் அந்தச் சிகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கியர்க் கம்பும் இல்லை, கிளட்ச் பெடலும் இல்லை. ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் தட்டும் தகடுகள்தான் இருந்தன! இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ எதை வச்சு அவருக்குக் களைப்பு வரும்?" என்று கேட்டார்.

மகன் பெங்களூரிலிருந்து, "அப்பா, இதை விற்றுவிட்டுத் தானே கியர் மாற்றும் கார் வாங்குங்கள்" என்று மாதம் இரண்டு முறை சொல்கிறான். அதில் தப்பில்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அந்த யந்திரத்துக்கு முன்னால் போகும் லாரி தெரியும். அதற்கு முன்னால் இருக்கும் வளைவு தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய பிறகு புனலூருக்குப் போனேன். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏற்றத்தில், அந்த எஸ் வளைவில், இரண்டாவது கியர். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. சின்ன இஞ்சினுக்கு இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் பலம் குறைவு, பிரேக்கையே நம்பினால் சூடேறிவிடும் என்றும் சொல்லியிருந்தார். மேலே ஏறி முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன்; காய்ந்த டர்போவின் அச்சில் எண்ணெய் ஓடினால்தான் கரி பிடிக்காது.

அக்கா சுலபத்தில் இசையவில்லை. "நீ ஓட்டுவியா? பேசிக்கிட்டேல்லா ஓட்டுவே" என்றாள். பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, குமட்டினால் முகர்ந்து பார்க்கச் சொல்லி, பின் ஸீட்டில் உட்கார வைத்தோம். என் மனைவி பக்கத்தில்.

தென்மலை வரையில் அக்கா பழத்தை மூக்கில் வைத்தபடியே வந்தாள். பதிமூன்று கண் பாலத்தருகே கை மடிக்கு இறங்கிற்று. ஆரியங்காவுக்கு மேலே மழை. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. துருத்தி விழித்துத்தான் இருந்தது. காலை அழுத்தியிருந்தால் தாண்டியிருக்கலாம். மலையில் தாண்டுவதற்காகப் படித்த வித்தை அல்ல அது. எஸ் வளைவு முழுதும் லாரிக்குப் பின்னாலேயே இரண்டாவது கியரில் இறங்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அக்கா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பழம் மடியில் இருந்தது. மனைவி அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

செங்கோட்டைக்கு வந்து சம தரையைத் தொட்டபின், நேர் ரஸ்தாவில், லாரிக்கு நல்ல தூரம் பின்னாலேயே மூன்றாவது கியர், சீட்டி கேட்டது, எதிரே கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் இல்லை, வெளியே எடுத்து, தாண்டி, உள்ளே வந்தேன். அக்கா விழிக்கவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, வால்வின் ஓர் இதழ் முன்போல் முழுக்கத் திறக்கவில்லை என்றார். ரத்தமும் இருக்க வேண்டியதைவிடக் கெட்டியாக இருந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து ஊசி போட்டு, மாத்திரை அளவை மாற்றி அனுப்பினார். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை. மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்.

அக்காவைப் புனலூரில் கொண்டு விட்டுத் திரும்பியதும் மண்டிக்குப் போய் அண்ணாச்சியிடம் விவரம் சொன்னேன். சாக்கு எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் என்றால் எப்போது என்று விரல் விட்டுப் பார்த்தார். புரட்டாசி; கொஞ்சம் தள்ளினால் ஐப்பசி, அடைமழை.

"முன் டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு. நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க" என்றார்.